அந்தக் கதவு இறுக்கமாகவே இருந்திருக்கலாம்

கதவுத் தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை வாசலிலேயே முடிந்துவிடும், வீட்டுக்குள் போகவே வேண்டாம். ஆபத்து ஒன்றும் உண்டு, அதுவும் இதேதான்.

மஸ்கட்டில் ஒரு கட்டட நிறுவனத்தில் பதினாறு வருடம் கதவு, ஜன்னல் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒரகடம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கதவுக் கடை வைத்தேன். வாசல் கதவு, பின்பக்கக் கதவு, மொட்டைமாடிக் கதவு என்று வெயிலும் மழையும் படுகிற கதவுகள்தான் எங்கள் வேலை. போன் வரும். போய்ப் பார்த்து, ரிப்பேர் செய்யலாமா, மாற்றிவிடலாமா என்று சொல்ல வேண்டும். ஏசி மெக்கானிக்குகளே, மோட்டார் ரிப்பேர் செய்கிற அண்ணன்மார்களே, பல் டாக்டர்களே, உங்களுக்கும் இதே பிழைப்புதான். 'தேறுமா, தேறாதா?' என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாமும் நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்து, ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவோம். சொன்னது தப்பாகப் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது.

எனக்கு ஒருமுறை ஆகிவிட்டது. வடக்குப்பட்டில் ஒரு வீட்டுக் கதவை மாற்றச் சொன்னேன். அந்த வீட்டுப் பெரியவர் இன்று படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் எழுத வரவில்லை. சின்னத் தப்புகளிலிருந்து தொடங்குகிறேன்.

ஐப்பசியில் இழைத்தது

கடையில் என்னோடு இருப்பவர் அந்தோணி. பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஒரு கார் கம்பெனியில் பத்து வருடம் கான்ட்ராக்டில் கார்க் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக் கதவுக்கு வந்துவிட்டார். கடை திறந்த முதல் மழைக்காலத்தில் ஒரு டீச்சரம்மா கூப்பிட்டார். வாசல் கதவு ஊதிப் போய், காலால் உதைத்தால்தான் திறக்கிறதாம். நான் இழைப்புளியை எடுத்தேன். "சார், இப்ப வாணாம். மரம் தண்ணி குடிச்சிக்கினு கீது. தை மாசம் வரிக்கும் வுடுங்க, அதுவே எளச்சிடும்" என்றார் அந்தோணி. மஸ்கட்டில் எந்த மரமும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. மேலும் கீழும் ஓரமும் நன்றாக இழைத்து, விரலால் தள்ளினால் திறக்கிற மாதிரி செய்துகொடுத்துவிட்டு வந்தேன். டீச்சரம்மா காபி கொடுத்தார்.

பங்குனியில் அவரிடமிருந்து போன் வந்தது. கோபமே இல்லை, வகுப்பில் பாடம் எடுக்கிற குரல். அந்தோணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டது என் முட்டாள்தனம்.

"சார், கதவ நல்லா சாத்திட்டுத்தான் உக்காந்திருக்கேன். எதிர்வூட்ல ஓடுற சீரியல் எனக்கு இங்கேர்ந்தே தெரியுது."

எட்டுப் பேருக்கு ஒரு கதவு

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒருவர் தன் வீட்டு மாடியைத் தெற்கத்திப் பையன்கள் எட்டுப் பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எல்லோருக்கும் கம்பெனி வேலை, மூன்று ஷிப்ட். இரண்டு வருடத்தில் மூன்று கதவு போய்விட்டது, எல்லாம் பூட்டுப் பக்கமே பிளந்துபோய். "பசங்க குடிச்சிட்டு ஒதைக்கிறானுங்க சார், நீங்க இரும்புக் கதவா போட்ருங்க" என்றார் வீட்டுக்காரர். நானும் அந்த முடிவோடுதான் மாடி ஏறினேன். பிளந்த இடத்தைப் பார்த்தேன், உதைத்த மாதிரித்தான் இருந்தது. ஸ்டீல் கதவுக்கு அளவெடுக்க டேப்பை இழுத்தேன்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். திருநெல்வேலிப் பக்கம். கொஞ்ச நேரம் நான் அளப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் நாங்கள் போட்டது ஸ்டீல் கதவு இல்லை. பழைய கதவுக்கே ஒரு தகட்டை அடித்து, வெளியிலிருந்தும் கைவிட்டு நீக்குகிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் வைத்தோம். அதற்கப்புறம் அந்தக் கதவு உடையவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பையன் சொன்னதுதான்.

"அண்ணாச்சி, எந்நேரமும் ஒருத்தன் உள்ள செத்த பொணமா தூங்கிட்டுதான் கெடப்பான், சாவி அவன் தலமாட்டுல கெடக்கும், வெளிய நிக்கவன் தோளக் குடுத்துத் தள்ளாம என்ன செய்வான்?"

தண்ணீர்க் கோடு

செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் புகுந்த ஊர்களில் ஒன்று. வீட்டை விற்கப்போகிறவர் கூப்பிட்டிருந்தார். தேக்குக் கதவு, குறை என்று ஒன்றும் இல்லை. பாலீஷ் போட்டால் இன்னும் இருபது வருடம் வரும் என்றேன். அவர் கதவின் மேல்பாதியைக் காட்டினார். என் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. அவருக்கு வேண்டியது ரிப்பேர் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சுவருக்கு எப்போதோ பெயின்ட் அடித்துவிட்டார். வெள்ளம் வந்ததைக் கதவு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் கேட்கிறார், கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கதவையும் நிலையையும் கழற்றிப் புதிது போட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன். அந்த வீட்டை வாங்கியவர். இரண்டு நாளாக விடாத மழை, பின்னால் குழந்தை அழுகிற சத்தம். என் நம்பரைக் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து எடுத்தாராம்.

"சார், பழைய கதவக் கழட்டனது நீங்கதான்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க, அதுல தண்ணி எதுவரிக்கும் நின்னிருந்திச்சின்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

ஐந்து கட்டங்கள்

இப்படி அடிபட்டு அடிபட்டு, இனிமேல் ஊகமே கூடாது என்று ஒரு படிவம் தயாரித்தேன். பத்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்தவன் என்பதால் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம். ஐந்து கேள்விகள், ஐந்து கட்டங்கள். மரம் மக்கியிருக்கிறதா? கதவு கோணியிருக்கிறதா? கீல் தளர்ந்து தரையில் உரசுகிறதா? கரையான் உண்டா? அடியில் தண்ணீரோ பூச்சியோ வருகிறதா? மூன்று டிக் விழுந்தால் மாற்ற வேண்டியதுதான், மூன்றுக்குக் குறைந்தால் ரிப்பேர். எனக்கு அந்தப் படிவத்தின் மேல் ஒரு காதலே இருந்தது. கிளிப் மாட்டிய அட்டையில் வைத்து எடுத்துப் போவேன். வாடிக்கையாளர்களும் அதைப் பார்த்ததும் ஒரு டாக்டரிடம் நிற்கிற மாதிரி நிற்பார்கள்.

அந்தோணியிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் இப்படி எத்தனை படிவம் பார்த்திருப்பார், பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் கீது சார், லைன்லயும் இப்டித்தான், மாட்றவரு ஒருத்தரு, செக் பண்றவரு ஒருத்தரு, கதவத் தொறந்து ஏறி உக்கார்றவரு மட்டும் அந்தப் பேப்பர்ல இருக்கமாட்டாரு."

வடக்குப்பட்டு

அப்போது அதை ஒரு கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதே மாதத்தில்தான் வடக்குப்பட்டிலிருந்து லோகநாதன் கூப்பிட்டார். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு ஷிப்ட், வீட்டில் மனைவி இருப்பார், போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். போனோம். வேப்ப மரத்தில் செய்த கனமான கதவு. கீல் தளர்ந்து ஒரு பக்கம் இறங்கி, தரையில் அரைவட்டமாகத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளமே விழுந்திருந்தது. அடிப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு மக்கி உதிர்ந்திருந்தது. லோகநாதனின் மனைவி செல்வி உள்ளேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து, ஒரு தூக்குத் தூக்கி, ஒரு இழுப்பு இழுத்துத் திறந்தார். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு கிறீச்.

உள்ளே நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு மஞ்சள் பை. லோகநாதனின் அப்பா, கன்னியப்பன். என்னைப் பார்த்ததும், "பஸ்ஸு வந்துட்சா?" என்றார். எங்கேயோ கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, "இன்னும் இல்லீங்க, வந்துடும்" என்றேன். செல்வி வாசலுக்கு வந்து நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணா, கீழ ஒடஞ்சது மட்டும் ஒரு பலகை வச்சி அடிச்சிக் குடுங்க, பாம்பு கீம்பு பூந்துடும்னு பயமா கீது. இறுக்கமா கீறது அப்டியே இருக்கட்டும், அத ஒண்ணும் பண்ணாதீங்க." இறுக்கமாக இருக்கட்டும் என்று சொன்ன வாடிக்கையாளர் எனக்கு அவர்தான் முதல். ஏன் என்று கேட்டேனா? இல்லை. அட்டையை எடுத்தேன். மக்கல், கோணல், கீல், பூச்சி. நாலு டிக். செல்வி பெரியவரைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நான் லோகநாதனுக்குப் போன் போட்டேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"மாத்திடுங்க சார், அவ அப்டித்தான், ஓட்டைத் தட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டா!"

விரலால் தள்ளினால்

ஸ்டீல் கதவு. உள்ளே நாலு பேரிங் வைத்த கீல், நல்ல பூட்டு, மூன்று சாவி. பழைய கதவைக் கழற்றி வாசலில் சாய்த்தபோது, கன்னியப்பன் எழுந்து வந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். செல்வி அவரைத் தோளைப் பிடித்து மெதுவாகத் திரும்ப உட்காரவைத்தார். நான் மட்டம் பார்த்து, எண்ணெய் விட்டு, சுண்டுவிரலால் தள்ளிக் காட்டினேன். சத்தமே இல்லாமல் திறந்தது. என் கையால் போட்ட கதவுகளில் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தது வேறு இல்லை. அந்தோணிகூட, "கார் கதவு தோத்துச்சி சார்" என்றார்.

செல்வி வந்து தானும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். மூடினார். மறுபடி தள்ளினார். அவர் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பைக்கில் ஏறினேன்.

"ரொம்ப லேசாத் தொறக்குதுண்ணா."

காலை பதினொரு மணி

நாலு நாள் கழித்துச் செல்வியிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாராம். எப்போதும் அந்தக் கிறீச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்வாராம். இன்றைக்குச் சத்தமே கேட்கவில்லை. வந்து பார்த்தால் நாற்காலி காலி, கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. கணவருக்குப் போட்டால் மிஷின் சத்தத்தில் எடுக்கவே இல்லை. வேறு யாருடைய நம்பரும் சட்டென்று தோன்றவில்லை, கதவிலிருந்த ஸ்டிக்கரில் என் நம்பர் இருந்தது.

நானும் அந்தோணியும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினோம். சித்திரை வெயில். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிப் பறந்துகொண்டிருந்தன. டீக்கடை, பஸ் நிறுத்தம், கம்பெனி கேட் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனோம். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை. அந்தோணி ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். மூன்று மணிக்கு அவர்களில் ஒருவரிடமிருந்துதான் தகவல் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில், மழைநீர்க் கால்வாய்க்கு வெட்டிப் போட்டிருந்த பள்ளத்தில் பெரியவர் விழுந்து கிடந்தார். உள்ளங்கால் இரண்டும் தோலுரிந்து, இடுப்பு எலும்பு முறிந்து. பை மட்டும் கையிலேயே இருந்தது. நான் பள்ளத்தில் இறங்கியதும் அடையாளம் தெரிந்த மாதிரி என்னைப் பார்த்தார். முதல் தடவை கதவைப் பார்க்கப் போனபோது நான் சொன்ன பதில் அவருக்கு ஞாபகம் இருந்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது.

"வந்துடும்னு சொன்னியே தம்பி, வர்லியே?"

ஆஸ்பத்திரி வராண்டாவில்

லோகநாதன் வந்தார், டாக்டரைப் பார்த்தார், யூனிபார்மோடு சுவரில் சாய்ந்து நின்றார். விவரமெல்லாம் செல்வி சொல்லித்தான் தெரிந்தது. கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், தாத்தாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று வெளியே தெரியக்கூடாது என்று அவர் சொல்லிவைத்திருந்தாராம். அதனால்தான் அன்றைக்குச் செல்வி என்னிடம் வாயெடுத்து நிறுத்திக்கொண்டது. மாமனார் காது கேட்க அவரைப் பற்றி அப்படிச் சொல்லவும் மனம் வரவில்லை. கன்னியப்பன் ஒரு காலத்தில் கத்தரிக்காய் மூட்டையோடு ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்கு பஸ் பிடிப்பார். நிலம் போய் வருடக்கணக்காகியும் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, இல்லாத மூட்டைக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுவார்.

எனக்கு என்னை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்கூட. "பூட்டு குடுத்திருந்தேனேம்மா, மூணு சாவி குடுத்தேனே, பூட்டி வச்சிருக்கலாமே" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். செல்வி கோபப்படவில்லை. ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"பூட்டுனா, என்னிய ஜெயில்ல போட்டியாடின்னு கொழந்தமாரி அழுவாருண்ணா, அந்தக் கதவுன்னா ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு, மழைக்கு ஊதிக்கினு கீது போலன்னு அவரே போய் உக்காந்துக்குவாரு."

பழைய கதவு

மறுநாளே அந்தோணியிடம் பழைய கதவு எங்கே என்று கேட்டேன். மறுபடி மாட்டிவிட்டால் ஏதாவது சரியாகும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் தலையைச் சொறிந்தார். மக்கிய பகுதியை அறுத்துவிட்டு மீதியை அவர் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு மாட்டியிருந்தார். போய்ப் பார்த்தேன். புது நிலை, புதுக் கீல், ஒரு பக்கம்கூட உரசாமல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து இரண்டு ஆடுகள் என்னைப் பார்த்தன. இனி அதைக் கொண்டுபோய் யாருக்கு மாட்டுவது? பெரியவர் இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அந்தோணி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"அந்தம்மா இறுக்கமா இருக்கட்டும்னு சொன்னப்ப நானும் பக்கத்துலதான சார் நின்னேன், என் காதுலயும்தான வுழுந்திச்சி."

வீட்டுக்குள்

சில மாதம் கழித்து அந்தத் தெருவிலிருந்தே போன் வந்தது. செல்வி வீட்டுக்கு எதிர்வீடு. 'அவங்க வூட்டுக் கதவு மாரியே எங்களுக்கும் வேணும், தள்ளனா தொறக்குதே, அதே மாரி.' போகாமலிருக்க ஏதேதோ காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. அளவெடுத்துவிட்டுத் திரும்பும்போது செல்வி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். "உள்ள வாங்கண்ணா" என்றார். எத்தனையோ வாசலில் நின்றிருக்கிறேன், வாங்க என்று சொல்லி உள்ளே போனது குறைவு. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "நீங்க கேக்கல, நான் சொல்லல, வுடுங்க" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

உள் அறையில் கட்டிலில் பெரியவர். சலவைச் சட்டை, திருநீறு, தலைமாட்டில் மஞ்சள் பை. முன்பிருந்ததில் பாதியாகிவிட்டிருந்தார். வெளியே மொட்டை வெயில். தெருவில் சாரல்கூட விழுந்து பல நாள் ஆகியிருந்தது. "செல்வி, பஸ்ஸு வந்துட்ற நேரம். கதவத் தொற" என்று எழப் பார்த்தார். இடுப்பு இடம் கொடுக்கவில்லை. ஏன் எழ முடியவில்லை என்பது அவருக்கே தெரியவில்லை, முகம் அழுவதற்குத் தயாரானது. செல்வி அறையிலிருந்து கூடத்துக்கு வந்தார். சுவரோரம் கிடந்த மர நாற்காலியைப் பிடித்துத் தரையோடு இழுத்தார். கிறீச். இன்னொரு முறை இழுத்தார். கிறீச். பெரியவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டார். செல்வி என் பக்கம் திரும்பாமலே உள்ளே பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன் மாமா, மழைக்கு ஊதிக்கினு கீது, வுட்டதும் தொறந்துக்கும்."

இப்போது என் படிவத்தில் ஆறாவதாக ஒரு கேள்வி இருக்கிறது, 'இந்தக் கதவு சரியாகத் திறக்காமல் இருப்பதில் வீட்டில் யாருக்காவது நல்லது உண்டா?' என்று; அதைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேறு கடையைத் தேடிப் போகிறவர்கள் போகட்டும், பதில் சொல்ல ஒரு நிமிடம் யோசிக்கிறவர் வீட்டில் இழைப்புளியைப் பையை விட்டே நான் எடுப்பதில்லை.